ஐந்தாவது வரி

மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த மின்னஞ்சலை லிபி புதன்கிழமையிலிருந்து பதினெட்டுத் தடவையாவது திறந்து மூடியிருப்பாள். காத்திருப்புப் பட்டியலில் இருந்த அவளுக்கு ஓர் இடம் காலியாகியிருக்கிறதாம். வேண்டுமா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சொல்லிவிட வேண்டுமாம். மாசக்கணக்கில் ஆளைத் தொங்கவிட்டுவிட்டு இரண்டே நாள் கெடு! அதற்குள் அவள் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதித்தரும் ஆப்டோமெட்ரி படிப்புக்கு வேறொரு கல்லூரியில் இடம் வாங்கி, அந்த ஊரில் வாடகைக்கு அறைகூடப் பார்த்துவிட்டாள். இன்று வெள்ளிக்கிழமை.

பட்டப்படிப்பு முடித்ததிலிருந்து, ராலி என்கிற தன் சின்ன ஊரில் டாக்டர் ஹோல்மின் கண் பரிசோதனை நிலையத்தில்தான் வேலை. அது பிடித்துப்போனதுதான் வினையாகிவிட்டது. சின்ன அறை, எதிரே ஒரே ஆள். மங்கலாகத் தெரிகிறது என்று வந்தவர் அரைமணியில் தெளிவாகப் பார்த்துக்கொண்டு போவார். இதை அம்மாவுக்குப் புரியவைக்க முடியுமா? இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற டோனா, "என் மக டாக்டராகப் போறா" என்று சர்ச்சில் பாதி ஊரிடம் சொல்லிவைத்திருந்தாள்.

"கண்ணாடி விக்கறதுக்கா நாலு வருஷம் கெமிஸ்ட்ரி படிச்சே?" என்று காலையில்கூடக் கேட்டாள்.

"ஹோல்மும் டாக்டர்தாம்மா."

"நல்ல மனுஷன்தான். ஆனா நெஞ்சு வலிச்சா அவர்கிட்டயா ஓடுவாங்க? நீ பயந்துட்டடீ. அதான் விஷயம்."

லிபிக்குச் சுருக்கென்றது. பயம்தானோ என்று அவளுக்கே சந்தேகம் இருந்தது.

மூன்று மணிக்கு டோனாவே நிலையத்துக்கு வந்துவிட்டாள். ஓட்டுநர் உரிமத்துக்கு இந்த வருஷம் கண் டாக்டர் கையெழுத்து வேண்டும். கையில் சுடச்சுட ரன்ஸா பொட்டலம், கறியும் முட்டைக்கோசும் அடைத்த ரொட்டி. சோற்றைக் காட்டிக் காரியம் சாதிப்பதில் டோனாவை மிஞ்ச ஆளில்லை.

"பதில் போட்டியா?"

"முதல்ல உக்காரும்மா. வலது கண்ணை மூடிக்க."

எதிர்ச் சுவரில், கீழே போகப்போக எழுத்து சிறுத்துக்கொண்டே போகும் பரிசோதனை அட்டை. இடது கண்ணால் எட்டாவது வரிவரை அம்மா நிதானமாகப் படித்தாள். பிறகு கண்ணை மாற்றினாள். வலது கண்ணால் ஐந்தாவது வரியைப் படிக்கச் சொன்னதுதான் தாமதம், "பி, ஈ, சி, எஃப், டி" என்று மூச்சுவிடாமல் கொட்டினாள்.

லிபியின் பேனா நின்றது. இந்த வேகத்தில் யாரும் படிக்க மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழகிப் பார்ப்பதற்காக இதே அட்டையில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியவள் அவளேதான். மாசக்கணக்காக அம்மா அதைப் பார்த்துக்கொண்டுதான் காலைச் சாப்பாடு சாப்பிடுகிறாள்.

"அதே வரியைக் கடைசியிலேர்ந்து படி."

"எதுக்கு?"

"படியேன்."

"டி... எஃப்..." டோனா நிறுத்தினாள். விரலை மடக்கி எண்ணினாள். அப்புறம், யோசிப்பதற்கு வசதியாக, திறந்திருந்த கண்ணையும் மூடிக்கொண்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு யாராவது படிப்பார்களா! வேறு எந்த நாளாக இருந்தாலும் லிபி வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள்.

"அம்மா, உனக்குத் தெரியல."

டோனா கதவைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள். "பள்ளிக்கூடம் மூட இன்னும் பதினோரு நாள்தான்டீ இருக்கு. தெரியுதுன்னு எழுதிடு. அந்த ரோட்டுல ஒவ்வொரு குழியும் எனக்கு மனப்பாடம்."

"இந்த எழுத்து மாதிரியா?"

"பெத்தவகிட்ட இப்படியா பேசுவே?"

"முப்பத்தெட்டு பசங்கம்மா அந்த வண்டியில."

லிபிக்கு அம்மாமேல் கோபம், தன்மேல் அதைவிடக் கோபம். ஊரிலுள்ள குடியானவன் கண்ணெல்லாம் பார்த்தவள், தன் வீட்டில் அம்மா காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுவதைப் பார்க்கவில்லையே! உரிமப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினாள்.

டாக்டர் ஹோல்ம் உள்ளே வந்து விளக்கடித்துப் பார்த்தார். "வலது கண்ணுல புரை நல்லா முத்தியிருக்கு டோனா. லிங்கன் நகரத்துல ஒரு சர்ஜன்கிட்ட அனுப்பறேன். ஆகஸ்ட்ல பள்ளிக்கூடம் திறக்கறப்ப நீங்க பஸ்ஸுல இருப்பீங்க. அதுவரைக்கும் கையெழுத்து கிடையாது."

அவர் வெளியே போனதும் டோனா பிடித்துக்கொண்டாள். "பாத்தியா? அறுக்கறதுக்கு நிஜ டாக்டர்தான் வேணும்!"

"போன வருஷம் உரிமத்துக்கு உடம்பைச் சோதிச்சு உன்னைப் பாஸ் பண்ணினவரும் நிஜ டாக்டர்தானே?"

டோனா ரன்ஸா பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அவரு தலையே தூக்கல. எனக்கு முன்னாடி நின்ன ஆளு சத்தமா படிச்சான். அதையே நானும் சொல்லிட்டு வந்துட்டேன்."

வீட்டுக்கு வண்டியை லிபிதான் ஓட்டினாள். அம்மா பக்கத்து இருக்கையில் உட்கார்வது லிபிக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. ஊர்த் தானியக் கிடங்கைத் தாண்டினார்கள். மணி நாலு நாற்பது.

"போனைக் கொடு," என்றாள் டோனா. வாங்கி மின்னஞ்சலைத் திறந்தாள். 'வேண்டும்' என்பதை அம்மாவே அமுக்கிவிட்டால்? மனப்பாடம் செய்து ஏமாற்றத் துணிந்தவள் இதற்கா தயங்குவாள்?

டோனா திரையை முகத்தருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டு பொத்தான் இருக்கு. எதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியல. நீயே அமுக்கிக்க."

"இடது கண்ணால எட்டாவது வரிவரைக்கும் படிச்சியேம்மா. நான்தானே எழுதினேன்?"

"வெயில் கூசுது," என்று டோனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லிபி வண்டியை ஓரங்கட்டினாள். பயமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பயம் என்றால் இன்று அந்த அறையில் பட்டதுதான், அம்மாவின் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு. அப்போதும் உண்மையை எழுதத்தானே செய்தாள்! 'வேண்டாம்' என்பதை அமுக்கினாள்.

"ஆச்சா?"

"ஆச்சும்மா."

டோனா மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, ஆறிப்போன ரன்ஸாவை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை மகளிடம் நீட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்ல கேப்பாங்களே, என்ன சொல்லப்போறே?" என்று கேட்டாள் லிபி.

"என்னத்தைச் சொல்றது? என் மக பெத்தவளையே ஃபெயில் பண்ணிட்டா, அவகிட்ட கண்ணைக் காட்டுங்கன்னு சொல்றேன்."