நாலாவது மாடியில் வந்த போன்

சோங்சிங் நகரத்தில் பிறந்தவன் படிக்கட்டைப் பார்த்து மூச்சு வாங்கினால் மானம் போச்சு. அதிலும் லுவோ டெகுவாங் மாதிரி வீறாப்பு பிடித்த மனுஷர் வாங்குவாரா? லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஏழாவது மாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை மகள் யுன்ஷூவோடு சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பியவர், நாலாவது மாடி வந்ததும் நின்று, போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"ஆமாம்பா... சொல்லு... அட, அப்படியா!"

காதில் இருந்தபடியே அந்தப் போன் கணகணவென்று அடித்தது.

இரண்டு படி மேலே நின்ற யுன்ஷூ திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் உதடு வெளுத்துப்போயிருந்தது.

"லைன் கட்டாயிடுச்சு. நீ ஏன் மரம் மாதிரி நிக்கிற? போ, போ!" என்று எரிந்து விழுந்தார்.

அவள் மனம் உடனே வரப்போகிற பயணத்துக்குத் தாவியது. அக்டோபர் விடுமுறைக்கு அவள் ஆசை ஆசையாய்ப் போட்டிருந்த திட்டம் அப்படி. ரயிலில் செங்டு, அங்கிருந்து ஜியுஜைகோவ் ஏரிகள், மறுநாள் ஹுவாங்லோங் குளங்கள், பிறகு ருவோர்கய் புல்வெளி. எல்லாம் மேலே மேலே ஏறுகிற ஊர்கள். ஹுவாங்லோங்கில் காற்றே மெலிந்துவிடும். பிராணவாயுவை டப்பாவில் அடைத்துக் கடையில் விற்கிறார்கள். சிமெண்ட் ஆலையில் காலமெல்லாம் தூசி தின்ற நுரையீரலை அங்கேயா கூட்டிப்போவது? ரயில் டிக்கெட் விற்பனை இன்று மதியம் திறக்கிறது. ஊரே போனும் கையுமாகக் காத்திருக்கும். கண்ணை மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். அதற்குள் திட்டத்தை மாற்றியாக வேண்டும்.

எப்படி மாற்றுவது? 'உங்களால முடியாதுப்பா' என்று வாயைத் திறந்தால், மனுஷர் வீம்புக்கென்றே தனியாகப் போய் மலை உச்சியில் நிற்பார். அம்மாவோ, ஆலை கொடுத்த பழைய காலண்டரில் அந்தக் குளங்களைப் பார்த்த நாளிலிருந்து அதே பேச்சாக இருப்பவள். போட்டோவுக்கென்று ஊருக்கு ஒரு நிறமாகப் பட்டுத் துப்பட்டா வாங்கி அடுக்கியிருந்தாள். ஹுவாங்லோங்குக்கு மஞ்சள்.

நூடுல்ஸ் சாப்பிடும்போது யுன்ஷூ மெல்ல ஆரம்பித்தாள்.

"அப்பா, மலைப் பக்கம் கூட்டம் தாங்காதாம். அதுக்குப் பதிலா துஜியாங்யான்ல ஆறு பாத்துட்டு, லெஷான் போய், பாறையில செதுக்கின பெரிய புத்தரைப் படகுலருந்தே பாக்கலாமே. ரெண்டுக்கும் ரயிலும் இருக்கு."

"படகுல குந்தி வேடிக்கை பாக்க நான் என்ன படுத்த படுக்கையாவா கிடக்கேன்? சதுரங்கம் ஆடுற அத்தனை பேர்கிட்டயும் சொல்லியாச்சு. போனா ஹுவாங்லோங். இல்லைன்னா பயணமே வேணாம்!"

சொல்லி முடித்ததும் இருமினார். இருமி முடித்து மிளகாய் மேல் பழியைப் போட்டார்.

மணி நெருங்கியது. யுன்ஷூ போனில் டிக்கெட் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுவதா, மூச்சைக் காப்பாற்றுவதா? வாய்விட்டு அழலாம் போல இருந்தது அவளுக்கு.

அப்போது அம்மா பெய்ஜென் கிண்ணத்தை டொக்கென்று மேசையில் வைத்தாள்.

"யோவ் கிழவா, நான் வரல. அவ்வளவு உசரத்தை நெனச்சாலே எனக்குத் தலை சுத்துது. கீழ்வீட்டு ஷியாங் அங்க மயங்கி விழுந்தாளாமே! நீ வேணா போய்ட்டு வா. நான் இங்கயே கிடக்கேன்."

அப்பா எழுந்தே விட்டார். "இத்தனை வருஷமா குளம் குளம்னு என் உசுர வாங்கினது யாரு? இப்ப பயமா? உன்னைக் கட்டிக்கிட்டு ஒரு மலை ஏற முடியுதா!" என்று கத்தினாரே ஒழிய, முகத்தில் வந்த நிம்மதியை அவருக்கு ஒளிக்கத் தெரியவில்லை. "போட்டுத் தொலைம்மா, அந்தப் படகையே போடு. எல்லாம் உங்கம்மாவால!"

விற்பனை திறந்தது. யுன்ஷூ மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். நல்லவேளை, மூன்று பேருக்கும் இடம் கிடைத்தது. மனைவியின் கோழைத்தனத்தைச் சதுரங்கக் கூட்டத்தில் போட்டு உடைக்க அப்பா உற்சாகமாகப் படியிறங்கினார். இறங்குவதற்கு மூச்சு போதும்.

அம்மா மஞ்சள் துப்பட்டாவை நீவி நீவி மடித்து அலமாரியின் அடியில் வைத்தாள்.

"உனக்கு எப்பத்திலருந்தும்மா தலை சுத்துது?"

அம்மா திரும்பவில்லை.

"அந்த மனுஷன் நாலாவது மாடியில நின்னு போன் பேச ஆரம்பிச்சதிலருந்து."