புள்ளி தெரியாத திரை

கடுகு பொரிந்துகொண்டே வீட்டுக்குள் வந்தாள். செருப்பை ஒரு மூலைக்கு ஒன்றாக உதறினாள். கைப்பையைச் சோபாவில் எறிந்தாள். அது நழுவி, அங்கே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அண்ணன் காலில் விழுந்தது. அவன் காலை மடக்கிக்கொண்டான். தங்கைக்குக் கடுகு என்று பெயர் வைத்தவனே அவன்தான். ஆள் சிறிசு, சூடு பட்டால் தெறிப்பாள்.

"உங்க ஸ்கிரீன் புண்ணியத்துல என்னைக் கவுன்டர்லேர்ந்து தூக்கிட்டாங்க அண்ணி. இப்ப திருப்திதானே?"

அண்ணி சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். அவள் வேலை பார்க்கும் கம்பெனிதான் ஆஸ்பத்திரி மருந்தகத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தது. அதே மருந்தகத்தில் கடுகு மருந்தாளர். டாக்டர் எழுதும் மருந்தும் அளவும் கவுன்டர் திரையில் வரும். அதைப் பார்த்து மருந்தை எடுத்து, லேபிள் ஒட்டிக் கொடுப்பது கடுகின் வேலை. அந்தத் திரையில் என்ன எங்கே தெரிய வேண்டும் என்று எழுதுவது அண்ணியின் வேலை. ஒரே திரைக்கு முன்னால் நாத்தனாரும் பின்னால் அண்ணியும் என்றால் வீடு என்ன ஆகும் என்று கல்யாணத்துக்கு முன்பே யாராவது யோசித்திருக்கலாம்.

"என்ன ஆச்சு? ஒழுங்கா சொல்லு."

"ஒழுங்காத்தான் சொன்னேன், போன வாரம் பூரா. எழுத்தெல்லாம் பூதம் மாதிரி வருது, அடி வெட்டிப் போகுதுன்னு. நீங்க என்ன சொன்னீங்க?"

என்ன சொன்னாள் என்பது அண்ணிக்கு நன்றாகவே நினைவிருந்தது. 'என் மெஷின்ல சரியாத்தான் இருக்கு. ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு.' அதையும் தலை நிமிராமல் சொல்லியிருந்தாள்.

நடந்தது இதுதான். ஒரு குழந்தைக்கு டாக்டர் எழுதிய சிரப் அளவு இரண்டரை மில்லி. திரையில் எழுத்து பெருத்துப்போய், வரிசையின் உயரத்துக்குள் அடங்காமல் அடிப்பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. எண்களுக்குக் கால் போனாலும் முகம் தெரியும். இரண்டு இரண்டுதான், ஐந்து ஐந்துதான். ஆனால் நடுவில் இருக்கும் புள்ளி கீழே, அடிக்கோட்டிலேயே உட்கார்ந்திருப்பது. அது மொத்தமாகப் போய்விட்டது. இருபத்தைந்து மில்லி என்று லேபிள் ஒட்டிவிட்டாள் கடுகு. மருந்தைக் கையில் கொடுக்கும் முன் சரிபார்க்கிற பெண்மணி பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "இத்தனூண்டு குழந்தைக்கு இவ்வளவா?" என்று கேட்டிருக்கிறாள். அதோடு பாட்டில் நின்றது.

"எனக்கே தோணியிருக்கணும் அண்ணி, இல்லேன்னு சொல்லல. வாசல் வரைக்கும் வரிசை நிக்குது. ஒவ்வொரு தடவையும் மருந்து லிஸ்ட்டைத் தொட்டா, அது பட்டனுக்குக் கீழே விரியாம ஸ்கிரீன் நடுவுல போய் விரியுது. எழுத்து வேற, கருஞ்சாம்பல் மேல கறுப்பு. கண்ணு ரெண்டும் அவிஞ்சு போச்சு." சொல்லச் சொல்ல அவள் குரல் உடைந்தது. அது உடைந்ததில் இன்னும் கோபம் ஏறியது. "கொடுத்திருந்தேன்னா? அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"சரி, ஆகலைல்ல. அதுக்கு ஏன் உன்னை..."

"ஏன்னா, ஸ்கிரீன்ல ஒரு குறையும் இல்லைன்னு உங்க கம்பெனி சொல்லிடுச்சு. ஊழியர் கவனமா இருக்கணுமாம்! குடோன்ல பெட்டி எண்ணப் போட்டுட்டாங்க என்னை."

"யாரு சொன்னது?"

"என்னைக் கேட்டா? நீங்கதானே அங்க சம்பளம் வாங்கறீங்க?"

அண்ணன் செய்தித்தாளுக்கு மேலே தலையை நீட்டினான். "ரெண்டு பேரும் முதல்ல சாப்பிடுங்களேன்."

"நீ சும்மா இரு!" என்று இரண்டு பேரும் சேர்ந்தே கத்தினார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மறுநாள் காலை அண்ணி நேராக மேலாளரின் அறைக்குப் போனாள். அவருக்கு அலுவலகத்தில் 'ஆகட்டும்' என்று பெயர். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும், எந்தத் தேதியைச் சொன்னாலும், அவர் வாயில் வேறு சொல் வராது.

"மருந்தகத்துக்கு யார் சார் பதில் சொன்னது?"

"நான்தான். ஏன்?"

"பார்க்காமலே ஸ்கிரீன்ல தப்பில்லைன்னு சொல்லிட்டீங்களா?"

"டெஸ்ட் பண்ணியாச்சுன்னு நீதானேம்மா சொன்னே?"

"என் டேபிள்ல இருக்கற மானிட்டர்ல பண்ணேன். ஸ்கிரீனை ஓட்டற ஃபிரேம்வொர்க்கையே புது வெர்ஷனுக்கு மாத்தறோம், அவங்க கம்ப்யூட்டர்ல லினக்ஸ் வேற செட்டிங், அவங்க ஸ்கிரீன் வேற, நேர்ல போய்ப் பார்க்கணும்னு கேட்டேனா இல்லையா? 'முதல்ல அனுப்புவோம், பார்த்துக்கலாம்'னு யார் சொன்னது?"

அவர் பேனாவை மூடித் திறந்தார். "பழைய வெர்ஷனுக்கு இனிமே பாதுகாப்பு அப்டேட்டே வராது. மாத்தித்தான் ஆகணும்."

"மாத்த வேண்டாம்னு யார் சொன்னா? பார்த்துட்டு மாத்தணும்னு சொன்னேன்."

"விடு. அங்கே ஒரு பொண்ணு கவனமில்லாம..."

"அந்தப் பொண்ணு என் நாத்தனார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு ஆகட்டும் சிரிக்கப் பார்த்தார். "அட, குடும்ப விஷயமா? அதான் இவ்வளவு சூடு."

அண்ணிக்குக் காது மடல் வரை எரிந்தது. நாத்தனார் இல்லையென்றால் இந்தச் சூடு வந்திருக்காதோ என்று அவளுக்கே ஒரு நொடி தோன்றியதுதான் காரணம். அரை நாள் லீவு எழுதி அவர் மேஜையில் வைத்தாள். "மருந்தகத்துக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பின்னால் அவர் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

மருந்தகத் தலைவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டீங்களே, இன்னும் என்ன பார்க்கப் போறீங்க?"

"சொன்னவர் பார்க்கல சார். நான் பார்க்கணும்."

மூலையில் ஒரு கவுன்டரை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையைப் பார்த்தாள். கடுகு சொன்னதில் எதுவும் மிகையில்லை. சொல்லப்போனால் குறைத்துத்தான் சொல்லியிருந்தாள். எழுத்துகள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நின்றன. ஒரு வாரமாக இதைப் பார்த்துத்தான் ஒரு ஊருக்கே மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

நிறத்தைத்தான் முதலில் பிடித்தாள். கட்டளைகளை எழுதும் டெர்மினலைத் திறந்து, அந்தக் கணினியில் என்னென்ன அமைப்புகள் வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எழுத்துக்கும் பின்னணிக்கும் என்ன நிறம் என்று சொல்லும் அமைப்பு பழைய வெர்ஷனுக்காக எழுதியது. புதியது அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பின்னணியை லினக்ஸின் இருட்டு நிறத் தீமிலிருந்து எடுத்துக்கொண்டு, எழுத்தை மட்டும் தன் வழக்கப்படி கறுப்பாகவே விட்டிருந்தது. நிறங்களை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்தாள். நடுவில் போய் விரிந்த பட்டியலுக்கும் காரணம் கிடைத்தது. 'இந்த இடத்தில் நில்' என்று சொன்னால் புதிய வெர்ஷன் கேட்பதில்லை. 'நீ இந்தப் பட்டனுக்குச் சொந்தம்' என்று சொல்லியிருக்க வேண்டும். அதையும் சொன்னாள், பட்டியல் ஒழுங்காகப் பட்டனுக்குக் கீழே வந்து நின்றது.

எழுத்தின் அளவுதான் பிடிகொடுக்கவில்லை. ஃபான்ட்டை மாற்றினாள், லினக்ஸின் திரைப் பெருக்கத்தை நிறுத்திப் பார்த்தாள். ஒரு பக்கம் சரியானால் இன்னொரு பக்கம் எறும்பாகச் சிறுத்தது. சுவருக்கு அப்பால் குடோனில் அட்டைப்பெட்டிகள் தொம் தொம்மென்று விழுந்தன. இப்படி யார் இறக்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

கடைசியில் அகப்பட்டது. மருந்தகத்தில் இருப்பவை பிக்சல் நெருக்கமான திரைகள். சும்மா விட்டால் எழுத்து பொடியாகத் தெரியும். அதனால் பழைய நிரல் எல்லா எழுத்தையும் தானே இரண்டால் பெருக்கிக் காட்டியது. புதிய ஃபிரேம்வொர்க் அந்தப் பெருக்கலைத் தானே செய்துகொள்கிறது. பழைய வரியை யாரும் எடுக்கவில்லை. ஆகவே எழுத்து இரண்டு முறை பெருகியது. வரிசையின் உயரம் ஒரு முறைதான். அண்ணியின் மேஜையில் இருந்ததோ சாதாரணத் திரை. அங்கே பெருக்கும் எண் ஒன்று. ஒன்றை ஒன்றால் எத்தனை முறை பெருக்கினாலும் ஒன்றுதான். 'என் மெஷின்ல சரியாத்தான் இருக்கு.'

தன்மேலேயே வந்த ஆத்திரத்தில் அந்த வரியை அழிக்கும்போது விசைப்பலகை அதிர்ந்தது. திருத்திய நிரலை ஓட்டினாள். அதே சிரப், அதே அளவு. இரண்டு, புள்ளி, ஐந்து. கால்கள் முழுசாக இருந்தன.

"சார், அவளைக் கூப்பிடுங்க."

கடுகு தூசி படிந்த கைகளோடு வந்து நின்றாள். அண்ணியைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள்.

"அன்னிக்கு இது இப்படியில்லை" என்றாள் தலைவரிடம்.

அண்ணி திருத்தாத நிரலைப் பக்கத்திலேயே திறந்து காட்டினாள். தலைவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, குனிந்து, நெடுநேரம் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அண்ணியின் ஃபோன் அடித்தது. ஆகட்டும்.

"அங்கே எதையும் ஒத்துக்காதே. அவங்க லினக்ஸ் செட்டிங்ல கோளாறுன்னு சொல்லிட்டு, சத்தமில்லாம சரிபண்ணிட்டு வந்துடு. அதுதான் எல்லாருக்கும் நல்லது."

"முடியாது சார்." அவள் குரலைத் தணிக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "தப்பு நம்மளுது. ஒரு குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்து போயிருக்கும். போகாம நிறுத்தினது மருந்தகத்துக்காரங்க, நாம இல்லை. நீங்க சொன்னதை நீங்களே இன்னிக்கு வாபஸ் வாங்கணும். இல்லேன்னா நான் பார்த்ததை நானே எழுதிக் கொடுத்துட்டுத்தான் வருவேன்."

மறுமுனையில் பழக்க தோஷத்தில் "ஆகட்டும்" என்று வந்ததா, வேறு ஏதாவது சொன்னாரா, அவளுக்குத் தெரியவில்லை, ஃபோனை வைத்துவிட்டாள்.

சொன்னதை அவர் வாபஸ் வாங்கினார். 'புதிய பதிப்பில் கண்டறியப்பட்ட சிறு குறை' என்றுதான் எழுதினார். அந்தச் 'சிறு'வைப் படித்து அண்ணி பல்லைக் கடித்தாள். கடுகுக்குக் கவுன்டர் திரும்பக் கிடைத்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மருந்தக வேலையிலிருந்து அண்ணியை எடுத்துவிடப்போவதாக ஆகட்டும் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு யாரும் அதைத் தொட முன்வராததால் அந்தப் பேச்சு அப்படியே அமுங்கியது.

வீட்டில் கடுகு அவளோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் அண்ணனிடம் கேட்டாள். அவன் கைக்கெட்டாத தூரத்தில், அண்ணி பக்கத்தில்தான் உப்பு இருந்தது. அவன் நடுவில் கைநீட்டி நீட்டி அலுத்துப்போனான். "நான் என்ன, கவுன்டரா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அண்ணியே தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள். "நீ சொன்னப்பவே நான் வந்து பார்த்திருக்கணும். நீ பார்த்ததை நான் நம்பலை. அதுதான் தப்பு."

"ஆமா. நம்பலை." கடுகு தணியவில்லை. "நம்ம கடுகுதானே, எப்பவும் கத்திட்டுத்தான் இருப்பான்னு விட்டுட்டீங்க."

அது உண்மை.

கடுகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சமையலறை வாசல் வரை போனவள் நின்று, திரும்பாமலே சொன்னாள். "லேபிள் அடிக்கற பட்டன் இன்னும் பாதி மறைஞ்சுதான் கிடக்கு. ரெண்டு தடவை அழுத்தினாத்தான் வேலை செய்யுது. இதையும் உங்க மெஷின்ல சரியா இருக்குன்னு சொல்லுவீங்க."

"சொல்ல மாட்டேன். காலையில உன்கூடவே வரேன். உன் சீட்லயே உட்கார்ந்து பார்க்கறேன்."

"சீக்கிரம் கிளம்பணும். உங்களுக்காக நான் காத்துட்டு நிக்க மாட்டேன்" என்றாள் கடுகு. தட்டைத் தொட்டியில் அவள் போட்ட சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது.