நான்காம் பெட்டியின் கடைசி நூறடி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது என் கற்பனையில் உதித்த கதை இல்லை. என் அண்ணி துணி மடித்துக்கொண்டே மூன்று வாக்கியத்தில் சொன்னது: "ஒரு பெட்டி பிலிமைக் கீறிச்சு. ஏன்னு கண்டுபிடிச்சேன். அன்னிக்கு வீட்டுக்குப் பாடிக்கிட்டே வந்தேன்."

அண்ணி பாடி நான் கேட்டதே இல்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன். நாத்தனார் எழுதும் கதையில் அண்ணி ஜெயிப்பது அபூர்வம்தான். இதில் ஜெயிக்கிறார். (கதைக்குள் 'அவள்' என்றுதான் எழுதுவேன். வீட்டில் அப்படிச் சொன்னால் அண்ணன் முறைப்பான்.)

2

கப்பல் கட்டும் தளத்தில் பொழுது விடிந்தபோது—

வேண்டாம். கப்பல் மறுநாள்தான் வருகிறது. இப்படித் தொடங்குகிறேன்:

முதுகுக்குப் பின்னால் அவளைக் 'கீறல்' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவள் கேமரா உதவியாளர். படப்பிடிப்புக்கு முன்பு பிலிம் கேமராவைத் துடைத்து, ஓட்டிப் பார்த்து, தயார் என்று சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அப்படிச் சொன்ன ஒரு கேமராவில், கதாநாயகியின் நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு கோடு விழுந்துவிட்டது. ஒழுங்காகத் துடைக்கவில்லை என்றார்கள். அப்படித்தான் இருக்குமோ என்று அவளே நம்பிவிட்டாள். அதன்பிறகு அவளைக் கூப்பிட ஆளில்லை.

இப்போது ஒரு ஒளிப்பதிவாளர் துணிந்து கூப்பிட்டிருந்தார். அவரும் பெண்தான். மறுநாள் காலையில் ஒரு புதுக் கப்பலைச் சரிவில் வழுக்கவிட்டுத் தண்ணீரில் இறக்கப்போகிறார்கள். அதைப் படமெடுக்க வேண்டும். ஒருமுறை இறங்கிய கப்பலை, "சரியா வரல, இன்னொரு தடவை" என்று மேலே ஏற்ற முடியாது.

3

காலை ஒன்பது மணிக்கு, கேமரா வாடகைக்கு விடும் நிலையத்தின் சோதனை அறையில் வேலையைத் தொடங்கினாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்தக் கேமராவை வாங்கிப்போனதும் இதே நிலையத்திலிருந்துதான். லென்ஸ்களை ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்தாள். நாடா பிடித்துத் தூரத்தை அளந்து, லென்ஸில் பொறித்திருக்கும் அளவோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தாள். பிலிம் வெளிச்சம் வாங்கும் சின்னச் சன்னலை மெல்லிய மரக்குச்சியால் சுத்தம் செய்தாள். கடைசியாக, பிலிம் சுருளை வைத்து மூடும் மேகசின் பெட்டிகள்.* மொத்தம் நான்கு. ஒவ்வொன்றிலும் பழைய பிலிமைப் பத்தடி ஓட்டினாள். ஒரு கீறலும் இல்லை.

(* கேமராவின் தலையில் இரண்டு காது மாதிரி நிற்குமே, அதுதான். "காதுன்னு எழுதாதே, சிரிப்பாங்க" என்றார் அண்ணி. எழுதிவிட்டேன்.)

நிலையத்தின் பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சுதாம்மா? பேக் பண்ணிடலாமா?"

"இல்ல சார். முழுச் சுருளும் ஓட்டிப் பாக்கணும். நானூறு அடி."

"நாலு பெட்டியிலயுமா? இருபது வருஷமா நான் பத்தடிதான் ஓட்டுறேன்."

"எனக்குப் பத்தாது சார்."

(முதல் பிரதியில் இவருக்கு முறுக்கு மீசையும் நக்கல் சிரிப்பும் கொடுத்திருந்தேன். அண்ணி பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டார். "அவர் கெட்டவர் இல்ல. பத்தடி ஓட்டுறவர், அவ்வளவுதான்.")

4

மூன்று பெட்டிகள் தேறின. நான்காவதில் முந்நூறு அடி வரை பளிங்கு மாதிரி இருந்தது. கடைசி நூறடியில் மயிரிழையாக ஒரு கோடு.

அவளுக்குப் பழைய சந்தேகம் திரும்பி வந்தது. என் கைதானோ? பெட்டியை மறுபடி துடைத்தாள், மறுபடி ஓட்டினாள். அதே நூறடியில் அதே கோடு. துடைப்பதில் குறை என்றால், கோடு முந்நூறு அடிக்கு ஏன் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்?

அந்தக் கேள்வி வந்ததுமே துடைக்கும் துணியைக் கீழே வைத்தாள். மூன்றாம் தடவை ஓட்டி, கடைசி நூறடியின் நடுவில் நிறுத்தினாள். பிலிமை அசைக்காமல் மூடியைத் திறந்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பிலிம் போகும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போனாள். சன்னலில் கோடு இல்லை. சன்னலைத் தாண்டியும் இல்லை. பெட்டிக்குள் திரும்பி நுழையும் இடத்தில் ஒரு சின்ன உருளை. அதற்கு இந்தப் பக்கம் சுத்தம். அந்தப் பக்கம் கோடு.

விரலால் தட்டினால் உருளை ஜம்மென்று சுற்றியது. அவள் விடவில்லை. அதன் விளிம்பில் மையால் ஒரு புள்ளி வைத்து, மூடியைத் திறந்தபடியே ஓட்டினாள்.

"சார், இங்க கொஞ்சம் வாங்க."

சுற்றிய பிலிம் சேரச் சேரப் பெட்டியில் இழுவை கூடியது. முந்நூறு அடி தாண்டியதும் புள்ளி அசையாமல் நின்றது. உருளை சுற்றவில்லை, பிலிம் அதன்மேல் உரசிக்கொண்டே ஓடியது.

பொறுப்பாளர் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் கொண்டுபோனது எந்தப் பெட்டி சார்?"

பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. "நாலு."

"அந்தக் கோடும் கடைசி நூறடியிலதான் சார் இருந்துச்சு."

5

இங்கே பொறுப்பாளரை அழவைத்து எழுதினேன், அந்த வரியை அடித்தேன். மன்னிப்புக் கேட்கவைத்தேன், அதையும் அடித்தேன். நடந்தது வேறு. திருப்புளியை எடுத்துக்கொண்டு அவரே உட்கார்ந்தார். புது உருளை போட்டு, முழு நானூறு அடியையும் நின்றபடி இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். கோடே இல்லை. பிறகு ஒளிப்பதிவாளரைப் போனில் கூப்பிட்டார்.

"அன்னிக்குக் கீறினது எங்க பெட்டிம்மா. இவங்க கை இல்ல. ஆமா, யார்கிட்ட வேணாலும் சொல்லுங்க. நானும் சொல்றேன்."

அவள் ஏற்கெனவே துடைத்த லென்ஸை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, "கேமரா ரெடி!" என்றாள். போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

6

கப்பலுக்கு மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் வெயில், ஒன்றில் மழை, ஒன்றில் கப்பல் பாதிச் சரிவில் நின்று—

அண்ணி காகிதத்தை வாங்கித் திருப்பி வைத்தார். "இதெல்லாம் எதுக்கு?"

"படிக்கிறவங்க கேப்பாங்களே, அண்ணி. கப்பல் என்னாச்சுன்னு."

"கேக்கட்டுமே. நாலு பெட்டியும் சுத்தம், லென்ஸ் சுத்தம். அதுக்கு மேல படத்தை யார் வேணா எடுக்கலாம்."

கேட்டீர்களா? கேமரா உங்கள் முன்னால் நிற்கிறது. கப்பல் சரிவின் உச்சியில் இருக்கிறது. நான் நகர்ந்துகொள்கிறேன், நீங்கள் ஓட்டுங்கள்.