ஒன்பது கட்டத் துணி

சலவைக்காரி தன் பத்து வயது மகளுக்கு வைத்த பட்டப்பெயர் அரைப் புனிதை. வேதசாட்சிகளின் கதைகளைக் கேட்டுக் கேட்டு, தானும் ஒருநாள் விசுவாசத்துக்காக உயிரைக் கொடுக்க வேண்டும் என்று அவள் தவம் கிடந்தாள். துணி அலசக் கூப்பிட்டால் மட்டும் அந்த வீரம் எங்கே போய் ஒளியுமோ தெரியாது.

ராஜா கத்தோலிக்கப் பூசைக்குத் தடை போட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. சாமியார் யாராவது அகப்பட்டால் தூக்குமரம்தான். ஊரில் மிஞ்சியிருந்த ஒரே சாமியார், ஆற்றுக்கு அக்கரையில் பீப்பாய் செய்பவர் வீட்டுப் பரணில் ஒளிந்திருந்தார். அவருடைய பூசைத் துணிகளை வெளுத்து, மற்ற வீட்டுத் துணிகளோடு கலந்து கூடையில் கொண்டுபோய்க் கொடுப்பது சலவைக்காரிதான். அந்த வாரம் அவள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள்.

"நீதான் போகணும். நற்கருணை அப்பம் வைக்க விரிக்கிற துணி இருக்கு பாரு, அதுக்கு இஸ்திரி போடாதே. நல்லா கசக்கி அடியில திணிச்சிடு. பாலத்துல கோயில்பிள்ளை நிக்கிறான்."

அவனைக் கோயில்பிள்ளை என்று சொன்னது பழைய பழக்கத்தில். பத்து வருஷம் பீடம் துடைத்து, மணியடித்து, கோயில் சோற்றில் உடம்பை வளர்த்தவன். தடை வந்த மறுநாளே கட்சி மாறி, பாலத்தில் வருகிறவர் போகிறவர் கூடைகளைக் கிளறும் உத்தியோகத்தில் உட்கார்ந்துவிட்டான், நன்றிகெட்ட ஜென்மம்.

அரைப் புனிதை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் துணியைக் கையில் எடுத்ததும் மனசு கேட்கவில்லை. ஆண்டவரைக் கசங்கல் துணியிலா வைப்பது? இஸ்திரிப் பெட்டியில் கரியை ஊதி, தண்ணீர் தெளித்து, அம்மா செய்வதுபோலவே மூன்றாக மடித்து, திருப்பி மறுபடி மூன்றாக மடித்து அழுத்தினாள். மயிரிழை பிசகவில்லை. பிறகு ஏதோ பெரிய தந்திரம் செய்வதாக நினைத்து, அதைப் பிரித்துத் தலையணை உறைகளுக்கு நடுவே பரப்பி வைத்தாள். அக்கரை போய் அதே தடத்தில் மடித்துக்கொள்ளலாம்.

பாலத்தில் அவன் உறைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினான். அந்தத் துணி வந்ததும் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தான். இஸ்திரிக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு, மொத்தம் ஒன்பது கட்டம். வீட்டுத் துணியை எந்தப் பெண்ணும் அப்படி மடிக்க மாட்டாள். நாலாக மடித்துப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். பூசைத் துணிக்குத்தான் அந்த மடிப்பு என்பது பத்து வருஷம் பீடம் துடைத்தவனுக்குத் தெரியாதா?

"அழகா போட்டிருக்கே. யாரு, நீயா?"

"அம்மா," என்றாள் பட்டென்று.

"ம். போ பாப்பா, பாத்துப் போ."

தப்பித்தோம் என்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கதைகளில் வரும் வீரப் பெண்களில் தானும் ஒருத்தி என்று நினைத்தபடி ஓட்டமும் நடையுமாகப் பீப்பாய்க்காரர் வீட்டுக்குப் போனாள். பரணேறித் துணியைச் சாமியார் கையில் கொடுத்தபோது, கீழே கதவை உடைக்கும் சத்தம் கேட்டது. நாலு வீரர்களும் கோயில்பிள்ளையும் அவள் பின்னாலேயே வந்திருந்தார்கள்.

சின்னப் பிள்ளை என்று அவளை விரட்டிவிட்டார்கள். பீப்பாய்க்காரருக்குச் சிறை. சலவைக்காரியையும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆனால் படைவீரர்களின் துணி மலைபோல் குவிந்து கிடந்ததால், துவைக்க ஆள் வேண்டும் என்று மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். அதுவே வினையாகிவிட்டது. இவள் இஸ்திரியை வைத்துத்தான் கண்டுபிடித்தேன் என்று கோயில்பிள்ளை கடைத்தெருவெல்லாம் சொல்லிவிட்டான். வேண்டுமென்றே செய்தாள், சாமியாரை விற்றுவிட்டாள் என்று தெரு முடிவு கட்டியது. அடுத்த வீட்டுக்காரி வாசலில் வந்து காறித் துப்பினாள்.

"நான்தான்னு சொல்லிடறேம்மா," என்றாள் மகள்.

"வாயைத் திறந்தே, தொலைச்சிடுவேன். நீ இந்தத் தெருவுலதான் வளரணும். பழி என்னோட இருந்துட்டுப் போகட்டும்."

அம்மா அப்படிச் சொன்னதும் அவளுக்கு அழுகை வரவில்லை. நிம்மதிதான் வந்தது. உயிரைக் கொடுக்கக் காத்திருந்தவளுக்கு, ஒரு வார்த்தை கொடுக்கத் தைரியம் இல்லை. அந்த நிம்மதியை நினைத்தால் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் வெளியே போகாது, பாரமாவது இறங்கும் என்று தோன்றியது. ஆனால் அதைக் கேட்க ஊரில் இருந்த ஒரே சாமியாரைத் திங்கட்கிழமையே தூக்கில் போட்டுவிட்டார்கள்.