எரிந்ததைவிட அதிகச் சாம்பல்

அணு இணைவு உலையின் இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் சூரியனார். மைக் கிடைத்தால் போதும், சூரியனைப் பூமிக்கு இறக்கிவிடுவார். அன்று காலை கட்டுப்பாட்டு அறையில், விருந்தினர்கள் முன்னால் மூன்றாவது முறையாக இறக்கிக்கொண்டிருந்தார்.

பம்ப் மேசையில் இருந்தவளுக்கு அது காதில் ஏறவில்லை. உலைக்குள் எரிபொருள் எரிந்தால் ஹீலியம் மிஞ்சும், அதுதான் சாம்பல். அதை உறிஞ்சி வெளியேற்றுவது அவள் வேலை. தேங்கினால் நெருப்பு தடுமாறி உள்சுவரில் மோதும். அந்தச் சுவரின் ஓடுகளை அவள் அண்ணன் பதினொரு மாதம் குனிந்தே பதித்தான். முதுகு இன்னும் நிமிரவில்லை. தன் சுவர் தாங்குகிறதா என்று பார்க்க வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

திரையில் சாம்பல் அமோகமாக வெளியேறியது. வெப்பமோ இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் கணக்குப் போட்டாள். எரிந்ததைவிட அதிகமாகச் சாம்பல் போகிறது. எந்த அடுப்பில் நடக்கும் இது?

"அண்ணே, போறது சாம்பல் இல்ல, எரிபொருள். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே எடை. இந்தக் கருவிக்கு எடைதான் தெரியும், ஆள் தெரியாது."

"ஒளியை வச்சுப் பிரிச்சுக் காட்டுற கருவி இருக்குமே, அது எங்க?"

"வாசல்ல, கண்ணாடிப் பெட்டியில. விருந்தாளிங்க பார்க்கணும்னு நம்ம சூரியனார்தான் கழட்டிட்டுப் போனார்."

"அப்ப சாம்பல்?"

"உள்ளதான் இருக்கு."

அண்ணன் முகம் வெளுத்தது. "நிறுத்து பாப்பா."

உலையை எரியவிட ஒருவர் போதும். நிறுத்த இரண்டு சாவி வேண்டும். விருந்தினர் முன் உலை நின்றுபோனால் அவமானம் என்று சூரியனார் போட்ட விதி. ஒன்று அவளிடம், மற்றது அவர் கழுத்தில், பதக்கம் மாதிரி.

"சார், நிறுத்தணும்."

"சாதனை நேரத்துக்கு இன்னும் ரெண்டே நிமிஷம்மா." விருந்தினர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பொண்ணு பயப்படுது."

"பயம்தான் சார். எரிஞ்சதுக்கு மேல சாம்பல் போகுது, பாருங்க."

பார்த்தார். சிரிப்பு அப்படியே உறைந்தது. தரை லேசாக நடுங்கியது. சாவி பிடித்த அவர் கை துளையைத் தேடியது, அகப்படவில்லை. அண்ணன் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினான். அவளும் திருப்பினாள்.

இனி நாற்பது வினாடி. மெதுவாக அணைந்தால் சுவர் பிழைக்கும். அவள் எண்ணினாள். பன்னிரண்டில், கீழே எங்கோ ஒரு 'டக்'. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். முப்பது. நாற்பது. திரை இருண்டது.

"திட்டமிட்டபடி நிறுத்தினோம்," என்றார் சூரியனார். விருந்தினர்கள் கைதட்டினார்கள்.

உடைந்தது ஓர் ஓடா, ஒரு வரிசையா? உலை ஆறும்வரை, மூன்று நாளைக்கு, யாருக்கும் தெரியாது. அண்ணனும் தங்கையும் வாசலுக்கு நடந்து, கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்கள்.