பதிவு போடாத புடவை

புங்கமரத்தின் தாழ்ந்த கிளையில் ஹெக்டே மாட்டியிருந்த துணிப்பை விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. வாசிப்பு வட்டத்தின் சட்டம் அப்படி. பனசங்கரியில் அந்த அடுக்ககத்துத் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை எல்லோருடைய போனும் பைக்குள்தான் கிடக்க வேண்டும். யாருடையது அலறினாலும் எழுந்து பார்க்கக் கூடாது. ஏழு பேர் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பிரதிமா பேசிக்கொண்டிருந்தாள்.

நன்றாகவே பேசினாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்கு வீடு வேவு, யாரும் யாரையும் நம்பாத ஒரு நாடு என்று போகிற பழைய நாவல். இரண்டு முறை படித்து, பென்சிலால் கோடெல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். "வேவு பாக்கறாங்கங்கறதுகூட இல்ல சார். ஜனங்களுக்கு அது பழகிப்போகுது பாருங்க, அந்த எடம்தான் என்னைத் தூங்க விடல" என்றபோது வட்டத்தை நடத்தும் ஹெக்டே கண்ணை மூடித் தலையாட்டினார். அவரிடமிருந்து அது லேசில் கிடைக்காது. பிரதிமாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று.

அப்போதுதான் கேட்டருகே நிங்கம்மாவைப் பார்த்தாள்.

ஆறு வருஷமாகப் பிரதிமா வீட்டில் வேலை செய்பவள். காவலாளி அவள் பையிலிருந்து மாம்பழ மஞ்சளில் ஒரு மைசூர் பட்டுப்புடவையை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தான். நிங்கம்மா மகளின் சீமந்தத்துக்கென்று காலையில் பிரதிமாவே கொடுத்த புடவை. வீட்டு வேலைக்கு வருபவர்கள் எதை வெளியே கொண்டுபோனாலும், கொடுத்தவர்கள் போனில் உள்ள செயலியில் பதிவு போட்டால்தான் பொருள் கேட்டைத் தாண்டும். நாவலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த அவசரத்தில் மறந்துவிட்டாள். மரத்தில் தொங்கும் பைக்குள் உறுமுவது அவள் போன்தான். கேட்டிலிருந்துதான் கூப்பிடுகிறார்கள்.

"அங்க பாருங்க, நம்ம நாவல் கேட்டுலயே நடக்குது!" என்று சிரித்தாள் புதிதாகக் குடிவந்த ஸ்பூர்த்தி. "இப்படி ஒரு ரூலை எந்தப் புண்ணியவான் போட்டானோ?"

ஹெக்டே தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். போட்ட புண்ணியவதி பிரதிமாதான். போன வருஷம் வெள்ளிக் குங்குமச் சிமிழைக் காணோம் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நின்று கத்தினாள். அவள் கேட்ட ரூலுக்கு எல்லோரும் கையைத் தூக்கினார்கள், ஹெக்டே உட்பட. மூன்று வாரம் கழித்து, கல்யாணத்துக்குப் போய்வந்த பெட்டியின் பக்கப் பையிலிருந்து சிமிழ் வந்தது. சொல்லிவிடலாம் என்று பத்துத் தடவையாவது நினைத்திருப்பாள். எந்த முகத்தோடு சொல்வது? பீரோவில் புடவைகளுக்கு அடியில் செருகிவிட்டு, ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டாள். சட்டம் பாட்டுக்கு நின்றுவிட்டது.

'எழுந்து போடி' என்றது மனசு. எழுந்தால் பேச்சு கிளம்பி, ஸ்பூர்த்திக்குப் பதில் கிடைத்துவிடுமே!

"மேல சொல்லுங்க பிரதிமா" என்றார் ஹெக்டே.

சொன்னாள், பாவி. எதிரே நிங்கம்மா கையைக் கட்டிக்கொண்டு வெயிலில் நிற்க, மனிதனுக்கு மரியாதை எவ்வளவு முக்கியம் என்று முழுசாக இரண்டு நிமிஷம் சொன்னாள். காவலாளி உதறிய முந்தானை தரையில் புரண்டபோதுதான் வாய் அடைத்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

"நான்தாம்ப்பா குடுத்தேன். பதிவு போட மறந்துட்டேன்."

"எத்தன தடவ அடிச்சேன் மேடம், நீங்க எடுக்கல. ரூலு..." என்று இழுத்தான் அவன்.

"மன்னிச்சுக்கோ நிங்கம்மா. வெயில்ல நிக்க வச்சிட்டேன்."

"விடுங்கக்கா, பழகிப்போச்சு. இந்த முனையப் புடிங்க, மண்ணு ஒட்டுது."

பிரதிமா பிடித்தாள். இரண்டு பேரும் இழுத்து உதறி, மடிக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் ஓரடி நெருங்க வேண்டியிருந்தது. கையோடு கை சேர்ந்தபோது நிங்கம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்தச் சிமிழு கறுத்துப்போய்க் கெடந்துச்சுக்கா. தீபாவளிக்குப் பீரோவ ஒழிச்சேன்ல, அப்பவே விபூதி போட்டுத் தேச்சு, எடுத்த எடத்துலயே வச்சிட்டேன். நீங்க பாக்கலையா?"

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது பிரதிமாவுக்கு.

"வாங்க பிரதிமா, பாதியில நிக்குது!" மரத்தடியிலிருந்து கூப்பிட்டார்கள்.

நிங்கம்மா பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். மடித்த புடவை பிரதிமாவின் கையிலேயே இருந்தது.