வளைத்தும் வெடிக்காத தகடு

அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் நாங்கள் வேலை பார்த்த ஆலை, எண்ணெய்த் தொட்டிகளின் உட்புறம் பூசும் பிசின் பூச்சைத் தயாரித்தது. பிசினை எந்தக் கரைப்பானில் கரைப்பது என்று முடிவுசெய்வது என் வேலை. அதைத் தகட்டில் அடித்து, காயவைத்து, குளிரில் விறைக்கவிட்டு, கம்பியைச் சுற்றி வளைத்துப் பார்ப்பது டுவேன் ஹாட்சரின் வேலை.

"ஏ காலேஜ்காரி, உன் பூச்சு முட்டை ஓடு மாதிரி நொறுங்குது!" என்று தன் மேசையிலிருந்தே கத்துவான்.

கரைப்பான் சட்டென்று பறந்துவிட்டால் பூச்சு விறைப்பாக இறுகி, வளைத்ததும் வெடிக்கும். மெதுவாகப் போனால் உள்ளேயே தங்கிவிடும். ஒரு மாதம் கழித்தும் நகம் பதியும். கடைசியில் இரண்டுக்கும் நடுவே நிதானமாக ஆவியாகும் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பூச்சு தோல் மாதிரி வளைந்தது. டுவேன் அந்தத் தகட்டை மேசை மேசையாகக் கொண்டுபோய்க் காட்டினான். அந்தக் கரைப்பானிலேயேதான் ஸ்ப்ரே கன்னையும் கைகளையும் ஒன்பது வருடம் கழுவினான்.

முதலில் விரல்நுனிகள் மரத்தன. பிறகு கால் தடுக்கியது. நாற்பத்தாறு வயதில் அவனால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. நரம்பைத் தின்றது அந்தக் கரைப்பான்தான் என்று டாக்டர்கள் சொன்ன வாரமே ஆலை அதை நிறுத்தியது. அவன் வீட்டோடு முடங்கினான்.

மாற்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. நரம்பைத் தொடாத இரண்டு கரைப்பான்களை, வேகமானது ஒன்றும் மெதுவானது ஒன்றுமாகக் கலந்தேன். வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனபோது தகட்டையும் எடுத்துப்போனேன். அவன் மனைவி லொரெய்ன் காபி வைத்துவிட்டு சர்ச்சுக்குக் கிளம்பினாள்.

"வெளிய பனியில கொஞ்ச நேரம் போட்டு எடு," என்றான். "தொட்டா எனக்குத் தெரியாது. காதுகிட்ட வெச்சு வளை."

ஸ்க்ரூடிரைவரைச் சுற்றி வளைத்தேன். கண்ணை மூடிக் கேட்டான்.

"சத்தமே இல்ல. சாதிச்சுட்ட."

அப்போதுதான் சொன்னேன். "பழைய கரைப்பானைத் தேர்ந்தெடுத்தது நான்தான், டுவேன்."

"தெரியுமே. டின்னு மேல ஒட்டியிருந்த அட்டையில உன் கையெழுத்துதான இருந்துச்சு."

"ஒரு வார்த்தைகூடக் கேக்கலையே?"

"கேட்டு? அது இப்படிப் பண்ணும்னு உனக்கு மட்டும் முன்னாடியே தெரியுமா என்ன?" ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். "கோவிச்சுக்காத வெர்னா. இனிமே ஞாயித்துக்கிழமை வராத. நீ வந்தா அன்னிக்குப் பூரா நான் நல்லவனா இருக்க வேண்டியிருக்கு. முடியல."

கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

புதிய பூச்சு வசந்தத்தில் விற்பனைக்கு வந்தது. நான் அவன் வீட்டுக்குப் போகவில்லை. சில ஞாயிறுகளில் அவன் தெருமுனை வரை காரை ஓட்டிப்போய்த் திரும்பிவிடுவேன். அடுத்த குளிர்காலத்தில் நிமோனியா வந்து இறந்துபோனான்.

அடக்கத்தன்று சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். லொரெய்ன் தேடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"ஏன் வர்றதை நிறுத்திட்ட? ஞாயிறு தவறாம என்கிட்ட ஷேவ் பண்ணிவிடச் சொல்லி, நீ வருவேன்னு உக்காந்திருப்பாரே."

"வேலை," என்றேன்.